இளகும் தெரு

மாலை ஆறேகாலுக்குத் தெரு இளகியது.

லூர்துமேரிக்கு அது முதலில் குதிகாலில் தெரிந்தது. கல் இறங்கியது. அடுத்த காலை எடுத்து வைத்தாள். அந்தக் கல்லும் இறங்கியது. மிதிக்கும்போது மின்சாரம் எடுக்கும் கற்கள் இவை, பகலிலும் அமுங்கும். கொஞ்சம்தான், பழகிவிட்டால் தெரியாது. மாலையில் ஊருக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். அப்போது தெருவை இளக்கிவிடுவார்கள். கடற்கரை மணலில் நடப்பது போல இருக்கும்.

அவள் தோளில் சவரிராஜின் கை இருந்தது. அவளுடைய கணவன். டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தான். ஆட்டோ காலனி வாசலோடு நின்றுவிட்டது. வாசலில் இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். வண்டி ஏறினால் கல் கெட்டுவிடுமாம். அவர்கள் இருப்பது ஒன்பதாவது பிளாக். தெருவின் கடைசி.

"கொஞ்சம் நிக்கலாமா?" என்றாள்.

"நின்னா மறுபடி கெளம்பணும். அது பெரிய வேல."

ஐந்தாவது பிளாக் வரை வந்தார்கள். அங்கே அவன் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் அந்தக் கல்லும் ஒருமுறை அமுங்கியது.

"பாரு," என்றான். "உக்காந்ததுக்கும் புடுங்கிக்கிச்சு."

அவள் சிரித்தாள். அவன் மூச்சு சீராகவில்லை. உதடு கறுத்திருந்தது. இதயம் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிற எதையும் செய்யக் கூடாது என்று போன மாதமே டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிச் சக்கர நாற்காலி வாங்கினாள். அது இன்னும் மோசம். சக்கரம் இறங்கிய கல்லில் இருந்து இறங்காத கல்லுக்கு ஓயாமல் ஏற வேண்டியிருந்தது. தெரு முழுக்க மேடு ஏறுவது போல இரண்டு பேர் தள்ளினார்கள். மூன்றாம் முறை தள்ள யாரும் வரவில்லை.

"மேரி."

"இன்னா?"

"இனிமே நான் போவல."

போகாவிட்டால் பத்து நாள் தாங்கும் என்று இருவருக்கும் தெரியும்.

*

புதுக்கழி நகரில் இருந்தவர்கள் எல்லோரும் நகரத்தின் நடுவிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். எட்டு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் இருந்தது, ஓடியதில்லை. பிறகு அடிவிசை என்ற நிறுவனம் வந்தது. தெரு முழுக்கக் கல் பதித்தது. நீங்கள் வழக்கம் போல நடந்தால் போதும், அதிலேயே லிஃப்ட் ஓடும் என்றது. ஓடவும் செய்தது. முதல் நாள் ஜனங்கள் வேலை வெட்டி இல்லாமல் மேலும் கீழும் போய்வந்தார்கள்.

அதற்குப் பிறகு காலனியில் எல்லோருக்கும் பசி கூடியது. ரேஷன் அரிசி மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்தது. யாரும் அதைக் கல்லோடு சேர்த்து யோசிக்கவில்லை.

நிறுவனத்தின் அறை வாசல் தூண்களுக்கு வெளியே இருந்தது. அதன் முன்னால் கல் இல்லை. சாதாரண சிமென்ட் தரை. லூர்துமேரி அதில் ஏறியபோது கால் கூடுதல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. ஒரு கணம் தடுமாறினாள்.

உள்ளே இருந்தவன் பிரகதீஸ்வரன். காலனிக்குப் பொறுப்பான இஞ்சினியர். முப்பது வயது இருக்கும். எழுந்து நாற்காலி போட்டான்.

"வாரத்துல மூணு நாளு சார். சாயங்காலம் ஒரு மணி நேரம். அப்போ மட்டும் தெருவ கெட்டியா வெச்சா போதும்."

"அது என் கையில இல்லம்மா. ஊருக்கு எவ்வளவு வேணும்னு பாத்து மெஷினே எளக்கிடும்."

"ஓரமா ஒரு வரிசை? ஒரே ஒரு வரிசை கல்லு?"

"அப்புறம் எல்லாரும் அந்த ஓரமாவே நடப்பாங்களே."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"சார், அந்தக் கரண்ட்டு எங்கேர்ந்து வருது?"

"நடக்கும்போது வீணாப் போற சக்திம்மா. அத நாங்க சேத்து வைக்கிறோம். போர்டுலயே எழுதியிருக்கே."

"வீணாப் போறத எடுத்தா என் வீட்டுக்காரருக்கு ஏன் மூச்சு வாங்குது?"

அவன் கதவைப் பார்த்தான். அது சாத்தியிருந்தது.

"நீங்க ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. கெட்டித் தரையில நின்னா, நீங்க எவ்வளவு அழுத்தறீங்களோ அவ்வளவு அதுவும் திருப்பித் தள்ளும். ஆனா அது நகராது. நகராததால உங்ககிட்டேர்ந்து எதையும் எடுக்காது. இந்தக் கல்லு நகருது. உங்க கால் அழுத்தற விசை இருக்கு. கல்லு எறங்கற தூரம் இருக்கு. ரெண்டையும் பெருக்கினா என்ன வருதோ, அது உங்களை விட்டுப் போகுது."

"உராய்வுன்னு போட்டிருக்காங்களே. தேஞ்சு சூடாப் போறதுன்னு."

"உராய்வு பாவம்மா. அது இல்லாட்டி நடக்கவே முடியாது, வழுக்கி விழுவோம். அது காலப் புடிச்சிக்குது, அவ்வளவுதான். போர்டு எழுதறது நான் இல்ல."

"அப்போ எங்க சோத்துலேர்ந்துதான் வருது."

"ஆமாம்மா."

"லிஃப்ட்டுக்கு எவ்ளோ போவுது?"

"பத்துல ஒரு பங்கு. அதுகூட இல்ல."

"மீதி?"

அவன் ஜன்னல் பக்கம் தலையைக் காட்டினான். சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் இருந்தன. பகலிலேயே எல்லா மாடியிலும் விளக்கு எரிந்தது.

"அங்க கல்லு போடலயா சார்?"

"போட்டுப் பிரயோஜனம் இல்லம்மா. அங்க யாரும் நடக்கறதில்ல."

*

புதன்கிழமை சவரிராஜ் வரமாட்டேன் என்றான். அவள் சட்டையைப் போட்டுவிட்டாள். அவன் கழற்றினான். மறுபடி போட்டுவிட்டாள். கடைசியில் வந்தான். "வெள்ளிக்கெழம நீ என்ன கட்டித் தூக்கினாதான் உண்டு," என்றான். சொன்னபடி வெள்ளிக்கிழமை கட்டிலை விட்டு எழவில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். திட்டு தாங்காமல் எழுந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி தாமதமாக வந்தது. காலையில் வர வேண்டியது. வழியில் எங்கோ பழுதாகி மாலையில் வந்து, வாசல் தூண்களுக்கு வெளியே நின்று குழாயை உள்ளே நீட்டியது.

புதுக்கழி நகரில் காவல் நிலையத்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு, குடத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள். வரிசையில் குடம் வைத்தால் அது ஆள் நிற்பதற்குச் சமம். அடுத்தவர் குடத்தைக் காலால் தள்ளினாலும் சண்டை, கையால் நகர்த்தினாலும் சண்டை. வெட்டுக்குத்து நடந்த இரண்டு குடும்பங்களின் குடங்கள்கூட அடுத்தடுத்து அசையாமல் நிற்கும். நிறைந்த குடத்தைச் சுவரோரம் வைக்க வேண்டும். வழியில் வைக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சுபாஷினிக்கும் யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்து ஒரு மாதம். வீட்டுக்குள் குழாய் இருக்கிற ஊரிலிருந்து வந்தவள். நிறைந்த குடங்களை நடைவழியின் நடுவில் கல்லுக்கு இரண்டாக வரிசையாக வைத்துவிட்டு, ஒன்றை இடுப்பில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"யாருடி இது? வழியில கடை பரப்பி வெச்சிருக்கறவ?" தனபாக்கியம் கத்தினாள். அவள் ஒன்பதாவது பிளாக்கின் தரைத்தளத்துக்காரி. கத்தினாளே தவிரக் குடத்தைத் தொடவில்லை. யாரும் தொடவில்லை. ஜனங்கள் குடங்களுக்கு நடுவில் காலைத் தேடித் தேடி வைத்துப் போனார்கள்.

லூர்துமேரியும் சவரிராஜும் அப்போதுதான் வந்தார்கள். அவன் ஒரு காலை இரண்டு குடங்களுக்கு நடுவில் வைத்தான். அடுத்த காலை வைத்தான். நின்றான்.

"இன்னா? முடியலயா?"

"மேரி, இந்தக் கல்லு கெட்டியா இருக்கு."

அவள் தன் காலை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த கல்லிலும் குடம். அதுவும் அசையவில்லை. குடங்கள் முடிந்த இடத்தில் கல் பழையபடி இறங்கியது. சவரிராஜ் திரும்பி, குடம் இருந்த கல்லுக்கே வந்தான். அதில் குதித்துக்கூடப் பார்ப்பான் போலிருந்தது.

"குடம் ஏற்கெனவே அமுக்கி வெச்சிருக்கு," என்றான். "இனிமே எறங்க எடமில்ல அதுக்கு. எறங்காட்டி என்கிட்டேர்ந்து ஒண்ணும் எடுக்க முடியாது."

"பகல்ல அமுங்காது இல்ல? குடத்துக்கு?"

"பகல்ல கெட்டி. சாயங்காலம்தான் எளக்கறானே. எளக்கினா குடத்துக்கே அமுங்குது. அவன் பேராசைதான் நமக்கு."

சுபாஷினி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா, தெரியாம வெச்சிட்டேன். இதோ எடுத்துடறேன்."

"தொடாத," என்றாள் லூர்துமேரி.

"என் குடம்தான்க்கா."

"உன் குடம்தான். தொடாத."

*

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது பிளாக் வாசலில் பேசினார்கள். லூர்துமேரி கேட்டது இவ்வளவுதான். வாசலிலிருந்து கடைசி வரை ஒரு வரிசைக் கல். கல்லுக்கு இரண்டு குடம். குடிக்கிற தண்ணீர் வீட்டுக்குள் போகாது, தெருவில் இருக்கும். வேண்டும்போது சொம்பில் மொண்டு போகலாம்.

"என் தண்ணி தெருவுல கெடக்கணும், உன் புருஷன் ராஜா மாதிரி நடந்து போவணும்," என்றாள் கோடீஸ்வரி. எட்டாவது மாடிக்காரி. இரண்டு முழங்காலும் போய்விட்டன. "லிஃப்ட்ட நிறுத்திட்டான்னா?"

"நிறுத்துவான்."

"அப்போ நான் எப்டிடி ஏர்றது?"

"நானும் அஞ்சாவது மாடிதான்க்கா. இவரையும்தான் ஏத்தணும்."

"ஏத்து. உனக்கு வேண்டுதல்."

"பத்துல ஒண்ணு நமக்கு, ஒம்போது அவனுக்கு. நீ கடைக்குப் போய்ட்டு வந்து ஏன்கா ரெண்டு தடவ சோறு போட்டுக்கற? அதுல ஒரு தட்டு உன்னுது இல்ல."

"என் தட்ட ஏண்டி எண்ற?" என்று கோடீஸ்வரி எழுந்து போனாள். லிஃப்டில்தான் போனாள்.

மற்றவர்கள் போகவில்லை. பூக்கூடை தூக்குகிறவள் இருந்தாள். இடுப்பு ஆபரேஷன் ஆனவள் இருந்தாள். மாலையில் மீன் கூடையோடு திரும்புகிறவர்கள் இருந்தார்கள். சுமை ஏற ஏறக் கல் கூடுதலாக எடுக்கும் என்பதை அவர்கள் தலை அறிந்திருந்தது, கேட்கத்தான் யாரும் இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை மாலை தெரு இளகியபோது குடங்கள் இறங்கின. நீலம், பச்சை, சிவப்பு. வாசலிலிருந்து கடைசி வரை ஒரே வரிசை. சவரிராஜ் அதன் ஊடே நடந்து வந்தான். ஒருமுறைதான் நின்றான். அதுவும் பூக்கூடைக்காரியிடம் பேச.

பிளாக் வாசலுக்கு வந்தபோது லிஃப்ட் நின்றிருந்தது. ஒலிபெருக்கியில் பெண் குரல் வந்தது. நடைவழியில் உள்ள தடைகளை நீக்கும் வரை லிஃப்ட் இயங்காது என்றது. மிகவும் மரியாதையாகச் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது.

தனபாக்கியம் வீட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்தாள். சவரிராஜை அதில் உட்காரவைத்து நான்கு பேர் அதன் கால்களைப் பிடித்தார்கள்.

"பாத்துத் தூக்குங்க," என்றான் சவரிராஜ். "இன்னிக்கு உடம்புலேர்ந்து ரெண்டு லிட்டர் தண்ணிய எறக்கிட்டு வந்திருக்கேன். உங்க நல்ல நேரம்."

"வாய மட்டும் எறக்கி வைக்கலயா அங்க?" என்றாள் தனபாக்கியம்.

ஐந்து மாடி. ஒவ்வொரு மாடியிலும் இறக்கி ஆள் மாறினார்கள். மேலே போனதும் தூக்கியவர்கள் சுவரில் சாய்ந்தார்கள். உடம்பிலிருந்து போன சக்தி எங்கே போயிருக்கிறது என்று லூர்துமேரிக்கு இந்த முறை தெரிந்தது. எதிரில் கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

எட்டாவது மாடியிலிருந்து கோடீஸ்வரி கத்தினாள். லூர்துமேரியின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குத் திட்டினாள். திட்டியபடி வெகுநேரம் இருந்தாள். ஒலிபெருக்கி அவள் திட்டுக்கு நடுவில் புகுந்து புகுந்து அதையே சொன்னது. கடைசியில் அவள் திட்டு திசை மாறியது.

"யாருடி அவ, தடைன்றா? என் குடம் தடையா?"

மறுநாள் அவள் கீழே வந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வந்தாள். பின்னால் சுபாஷினி இரண்டு குடங்களோடு வந்தாள்.

"எறங்கறதுக்கு லிஃப்ட் வேணாண்டி," என்றாள் கோடீஸ்வரி.

"ஏர்றதுக்கு?"

"எவ ஏறப் போறா? இங்கயே உக்காந்துக்கறேன். எவன் எடுக்கறான்னு பாக்கறேன்."

அன்று இரவு அவள் தனபாக்கியத்தின் வீட்டில் படுத்தாள். அதற்கு அடுத்த இரவும்.

*

நிறுவனம் துப்புரவு ஆட்களை அனுப்பியது. அவர்கள் நான்காவது பிளாக்கில் குடியிருப்பவர்கள். குடங்களைப் பார்த்தார்கள், விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்கள், டீ குடிக்கப் போனார்கள். பிறகு பிரகதீஸ்வரன் ஒரு பெண் காவலருடன் வந்தான். அவள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

"சார், கூட்டத்தக் கலைக்கச் சொல்லுங்க, கலைக்கறேன். குடத்துல கை வைக்கச் சொல்லாதீங்க. நான் இதே மாதிரி போர்டு குடியிருப்புலதான் பொறந்து வளந்தேன். ஒரு குடத்தத் தூக்கினா நூறு பொம்பளைங்க வருவாங்க. எங்க ஸ்டேஷன்ல மொத்தமே பதினொரு பேரு."

கோடீஸ்வரி தன் நாற்காலியிலிருந்து, "தங்கச்சி நல்லா இருக்கட்டும்," என்றாள்.

பிரகதீஸ்வரன் தள்ளிப் போய்த் தொலைபேசியில் பேசினான். தெரு முழுவதும் கேட்டது.

"சார், கெட்டியாக்கினா அவங்க கேட்ட கெட்டித் தெருதான். எளக்கினா குடம் அமுக்கிடுது... நடுவுல வெச்சா லிஃப்ட்டுக்கே பத்தாது சார்... இல்ல சார், மனுஷனுக்கு மட்டும் எளகி குடத்துக்கு எளகாம வைக்க முடியாது. கல்லுக்கு எடை மட்டும்தான் தெரியும்... நான் சிரிக்கல சார்."

அடுத்த வாரம் முழுக்கத் தெரு ஒரு நாள் கெட்டியாக இருந்தது, ஒரு நாள் இளகியது. குடங்கள் நகரவில்லை. கண்ணாடிக் கட்டடங்களில் மேல் மாடிகள் சில இருண்டன. லிஃப்ட் ஓடவில்லை. இடுப்பு ஆபரேஷன் ஆனவளின் வீட்டுக்காரன் லூர்துமேரியிடம் வந்து சண்டை போட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு அவன் மனைவியையும் நாற்காலியில் தூக்கினார்கள். அவன் முன்காலைப் பிடித்தான்.

சவரிராஜ் ஒரு முறையும் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான்.

சனிக்கிழமை பிரகதீஸ்வரன் தனியாக வந்தான். வாசலிலிருந்து குடங்களின் ஊடே நடந்து வந்தான். ஒன்றிலும் கால் படவில்லை. லூர்துமேரி பிளாக் வாசலில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் எதிரில் குந்தினான்.

"கல்லையெல்லாம் பேத்து எடுத்துடச் சொல்லிட்டாங்கம்மா. திங்கக்கெழமலேர்ந்து ஆள் வருவாங்க."

அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லிஃப்ட்டு?"

"அதுவும் போயிடும். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

"தெரியும்."

"உங்க பேரைக் குறிப்பா கேட்டாங்க. யாரு மொதல்ல வெச்சதுன்னு. எல்லாரும் ஒரே நேரத்துல வெச்சாங்கன்னு சொல்லிட்டேன்."

"பொய் சொல்லத் தேவல சார். நான்தான்னே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உங்கள வேற ஊர் போர்டு குடியிருப்புக்கு மாத்திடுவாங்கம்மா."

அவள் ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போட்டாள்.

"பேத்த கல்ல இன்னா பண்ணுவீங்க?"

அவன் சுற்றிலும் பார்த்தான். கோடீஸ்வரி நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கழுவி, சரி பாத்து, அல்லிக்குளம் காலனிக்கு எடுத்துட்டுப் போறாங்க. இதவிடப் பெரிசு. பன்னெண்டு மாடி. ஜனங்க இப்பத்தான் குடி வந்திருக்காங்க."

"லிஃப்ட்டு ஓடலயாக்கும் அங்க?"

"ஓடல."

"நீங்கதான் போய் அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா? வீணாப் போறத எடுக்கறோம்னு?"

அவன் தரையைப் பார்த்தான். இருவருக்கும் நடுவில் இருந்த கல் குடத்தின் எடையில் முழுதாக அமுங்கி, அசையாமல் கிடந்தது.

லூர்துமேரி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அல்லிக்குளத்துக்குத் தண்ணி லாரி என்னைக்கு சார் வருது?"